வியப்பு எங்கிருந்து வருகிறது? வீடியோ கேம்களும் கோடிக்கரை மண்ணும்

வீடியோ கேம் என்றதும் நம் ஊர்ப் பேச்சு இரண்டு வழிகளில் ஒன்றில் போய்விடும். பிள்ளை போனும் கையுமாகவே கிடக்கிறான், படிப்பு போச்சு என்ற பெற்றோரின் கவலை ஒரு வழி. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்களின் துயரச் செய்தி இன்னொரு வழி. இரண்டும் நியாயமான கவலைகள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் அந்தக் கவலைகளின் விளைவுதான்.

இந்தப் பேச்சில் ஒன்று மட்டும் விடுபட்டே வருகிறது. ஆயிரக்கணக்கான கேம்களுக்கு நடுவே ஒரு சில, ஆடி முடித்துப் பல வருடம் ஆன பிறகும், போய் வந்த ஊர்போல மனதில் நிற்கின்றன. அவற்றை ஆடியவர் எத்தனை பேரைச் சுட்டேன், எத்தனை புள்ளி எடுத்தேன் என்று சொல்வதில்லை. அங்கே ஒரு மலை இருந்தது, அதன் பின்னால் ஒரு வழி இருந்தது, முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை என்று சொல்கிறார். அவர் நினைவில் நிற்பது ஓர் இடமும், அந்த இடத்தில் அவர் அடைந்த வியப்பும்.

அந்த வியப்பு எதனால் வருகிறது? படத்தின் தெளிவா, உலகின் பரப்பா, கதையா? இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வேதாரண்யத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு வீடியோ கேம் இரண்டு வாசல்களில் வந்தது. ஒன்று வீட்டு டிவியில் இணைத்து, கேசட் செருகி ஆடும் கான்ட்ராவும் மரியோவும். மற்றொன்று மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காரும் பிரவுசிங் சென்டரில் ஐஜிஐ, பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, வைஸ் சிட்டி. வைஸ் சிட்டியில் வேலைகளை முடித்தவர்களைவிட, அந்த நகரத்தில் சும்மா வண்டி ஓட்டிக்கொண்டு கடற்கரை வரை போய் வந்தவர்களே அதிகம். கேம் இட்ட வேலையை விட்டுவிட்டு அந்த இடத்தில் இருக்க மட்டுமே விரும்பிய அந்தப் பிள்ளைகள் என்ன தேடினார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொல்காப்பியர் தந்த அளவுகோல்

இந்தக் கேள்விக்குத் தமிழில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது. வியப்பாகிய மருட்கை பிறக்கும் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, அளவிறந்து பெரியது, அளவிறந்து நுண்ணியது, ஒன்று வேறொன்றாக மாறுவது. இவற்றின் முன் அறிவு ஒரு கணம் திகைத்து நிற்கிறது.

கேம் விமர்சனங்களில் வியப்பு என்றால் பெரும்பாலும் பெருமையை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய வரைபடம், எத்தனை மணி நேர ஆட்டம் என்பதே பேச்சு. மற்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கேம் ஏன் நின்றது, எது ஏன் மங்கியது என்பது விளங்கும்.

புதுமை

1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் குரோதர் என்ற புரோகிராமர் ‘கொலாசல் கேவ் அட்வென்ச்சர்’ என்ற கேமை எழுதினார். படம் கிடையாது. எழுத்து மட்டும். நீ ஒரு சாலையின் முடிவில் நிற்கிறாய், எதிரே ஒரு சிறு கட்டடம் என்று கணினி சொல்லும். வடக்கே போ, விளக்கை எடு என்று நாம் தட்டச்ச வேண்டும். குரோதர் பொழுதுபோக்காகக் குகைகளில் இறங்கி அவற்றை அளந்து வரைபடம் போடுபவர். கென்டக்கியின் மாமத் குகைத் தொடரில் தான் தவழ்ந்து போன பகுதியையே கேமுக்குள் வைத்தார். மணவிலக்குக்குப் பின் தன் மகள்களோடு பகிர்ந்துகொள்ள ஒன்று வேண்டும் என்பதற்காக எழுதியது அது. 1977இல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். பின்னாளில் அந்தக் குகைக்குள் இறங்கிப் பார்த்த ஆய்வாளர்கள், எழுத்தில் இருந்த வழிகள் மண்ணுக்கடியில் பெரும்பாலும் அப்படியே இருப்பதைக் கண்டார்கள்.

இந்த வரலாற்றில் நம் கேள்விக்கான விடையின் ஒரு பாதி இருக்கிறது. கற்பனை உலகங்களின் முன்னோடியான கேம், ஒருவர் தன் உடம்பால் அறிந்த ஓர் இடத்திலிருந்து பிறந்தது. ஜப்பானின் ஷிகெரு மியாமோட்டோ சொல்வதும் இதையே. கியோத்தோவுக்கு அருகே சோனோபே என்ற ஊரில் சிறுவனாகக் குன்றுகளில் திரிந்து, ஒரு குகையைக் கண்டு, விளக்கோடு உள்ளே போன அனுபவத்தையே 1986இல் ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’வாக ஆக்கினார். அந்தக் கேம் தொடங்கும்போது எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. திரையில் ஒரு குகை வாசல் கறுப்பாகத் தெரிகிறது. போவதும் போகாததும் நம் விருப்பம்.

1993இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் செய்த ‘மிஸ்ட்’ இதே வழியில் இன்னும் ஒரு படி போனது. ஆளில்லாத ஒரு தீவு, காற்றின் ஒலி, அலையின் ஒலி, பூட்டிய கதவுகள். பெரும்பாலும் அசையாத படங்கள்தான். சண்டை இல்லை, நேரக் கணக்கு இல்லை. ஒவ்வொரு கதவும் எதற்குத் திறக்கும் என்பதை, தீவைச் சுற்றிப் பார்த்து, குறிப்பெடுத்து, நாமே கண்டுகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் உலகில் மிக அதிகமாக விற்ற கணினி கேம் அதுவே.

படத்தில் வரும் புதுமை சீக்கிரம் பழசாகும். 2003இல் வாய்பிளந்து பார்த்த தண்ணீர் 2010இல் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. விதியில் வரும் புதுமை பழசாவதில்லை. 2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ இதற்கு நல்ல சான்று. சிறிய ஒரு சூரிய மண்டலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழியும். மறுபடி தொடக்கத்தில் விழிப்போம். நம்மோடு வருவது நாம் அறிந்துகொண்டது மட்டும். புதிய ஆயுதமோ புதிய சக்தியோ கிடைக்காது. அங்கே இரட்டைக் கோள்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் தூண்போலக் கொட்டிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் ஒரு கோளின் குகைகள் திறந்திருக்கும். நேரம் போகப் போக அவை மணலால் மூடும், எதிர்க்கோளில் புதைந்திருந்த கட்டடங்கள் தலைகாட்டும். முதல் முறை போகிறவருக்கு அது வெறும் காட்சி. எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அதே காட்சி ஒரு கடிகாரம், ஒரு சாவி. கோள் மாறவில்லை; பார்ப்பவரின் அறிவுதான் மாறியது.

பெருமை

1984இல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘எலைட்’ என்ற விண்வெளி கேமை, 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் அடைத்தார்கள். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். கணித முறையில் பிறப்பிக்கப்பட்டவை என்பதால் எண்ணற்ற மண்டலங்களைத் தர அவர்களால் முடிந்தது. வெளியீட்டாளர்தான் எட்டோடு நிறுத்தச் சொன்னார். அளவு மீறினால் எல்லாம் ஒன்றுபோல இருப்பது வெளிப்பட்டு நம்பிக்கை கெடும் என்ற அவரது கணிப்பு சரியானது.

முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 2016 ஆகஸ்டில் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ அந்த எல்லையைத் தாண்டியது. ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி கோடி கோள்கள். முதல் சில கோள்களில் இறங்கியவர்கள் மலைத்தார்கள். சில நாட்களில் ஏமாற்றம் பரவியது. அடுத்த கோளிலும் அதே செடி வேறு நிறத்தில், அதே விலங்கு வேறு தலையோடு. அதைச் செய்த சிறு குழு பல ஆண்டுகள் உழைத்து, விலையில்லாமல் தொடர்ந்து மேம்படுத்தி ஆடுபவர்களின் மதிப்பை மீட்டது. அவர்கள் சேர்த்தது கோள்களின் எண்ணிக்கையை அல்ல. வீடு கட்டவும், கூடி ஆடவும், தங்கவும் காரணங்களை.

பெருமை எண்ணிக்கையில் இல்லை என்றால் எதில் இருக்கிறது? 2005இல் ஃபுமிதோ உவேதா உருவாக்கிய ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ இதற்கு விடை தருகிறது. பரந்த ஒரு நிலம், ஓர் இளைஞன், ஒரு குதிரை, பதினாறு பேருருவங்கள். வழியில் சிறு எதிரிகள் எவரும் இல்லை. வாளை வெயிலில் உயர்த்தினால் ஒளி ஒரு திசையில் குவியும். அந்தப் பக்கம் குதிரையை விட வேண்டும். நெடுநேரம் குளம்பொலியும் காற்றும் தவிர வேறு ஒலி இல்லை. பிறகு ஒரு பேருருவம் எழுந்து நிற்கும். அதன் காலில் படர்ந்த மயிரைப் பிடித்து ஏற வேண்டும். பிடியின் வலிமையைக் காட்டும் வட்டம் ஒன்று திரையின் மூலையில் சுருங்கிக்கொண்டே போகும். அது உடலை உதறும்போது நம் விரல் பொத்தானை இன்னும் இறுக அழுத்தும், விட்டால் விழுவோம். ஒரு முழங்காலிலிருந்து தோள் வரை போவதற்குள் கை வலிக்கும். அப்போதுதான் அது எவ்வளவு பெரியது என்பது தெரிகிறது. அளவை உணர ஓர் உடம்பு வேண்டும், அந்த உடம்புக்கு உழைப்பு வேண்டும்.

கடலோரச் சமவெளியில் வாழ்பவர்களுக்கு இது எளிதில் புரியும். வேதாரண்யத்தை அடுத்த கோடிக்கரைக் காட்டில் ராமர் பாதம் என்ற மேடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர்தான். சுற்றுவட்டாரத்தில் மிக உயர்ந்த இடம் அதுவே. சேற்றிலும் மணலிலும் நடந்து வந்து அதன் மேல் ஏறி நிற்பவருக்கு அந்த 4 மீட்டர் போதும். நிலம் முழுவதும் கண்முன் விரிந்துவிடும்.

சிறுமை

கேம் உலகம் மிகக் குறைவாகக் கையாண்ட மருட்கை இதுதான். இதில் சிறந்து நிற்கும் ஒரு கேம் தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. கனடாவின் டொரொண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தம்பதியின் கதை. வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு பயணத்தில் நைந்து, பல இடங்களில் எழுத்து அழிந்திருக்கிறது. அழிந்த இடங்களை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இதுதான் ஆட்டம்.

முதல் சமையலே இட்லி. மாவை ஊற்றிவிடலாம். தட்டுகளை எந்த முறையில் அடுக்குவது? கீழிருந்து வரும் ஆவி மேல்தட்டு வரை எப்படிப் போகும்? தினமும் காலையில் நம் வீட்டில் நடப்பதைக் கவனிக்காமலே வளர்ந்துவிட்டோம் என்பது அந்தத் திரை முன்னால் உட்காரும்போது தெரிகிறது. இட்லியையே அறியாத ஒரு நாட்டவர் அதே இடத்தில் தவறு செய்து, தட்டைக் கழற்றி, மறுபடி அடுக்கி, மூடியைத் திறந்து ஆவி பறக்கக் காணும்போது அடைவது மருட்கையே. வானொலியில் வரும் பாட்டுகளும் தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவுபடுத்துமாறு புதிதாக அமைக்கப்பட்டவை. ஓர் இரவில் முடிந்துவிடும் இந்தக் கேம் 2024இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலையாய விருதையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் முதல் படைப்புக்கான விருதையும் பெற்றது. நூறு கோடி கோள்கள் தராததை ஓர் இட்லிச் சட்டி தந்தது. அதைச் செய்தவர்களுக்கு அந்தச் சட்டி முழுதும் தெரிந்திருந்தது என்பதே காரணம்.

ஆக்கம்

ஒன்று வேறொன்றாவது ஆக்கம். ‘மைன்கிராஃப்ட்’ இதையே அடிப்படையாகக் கொண்டது. சுவீடனின் மார்கஸ் பெர்சன் 2009இல் வெளியுலகுக்குக் காட்டி, 2011 நவம்பரில் முழுமையாக வெளியிட்ட இந்தக் கேம் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. எல்லாம் ஒரு மீட்டர் கட்டங்கள். மரம் பலகையாகும், பலகை வீடாகும். இரவு வருமுன் ஒரு கூரை வேண்டும் என்ற பயத்தில் குடைந்த சிறு பொந்து, மாதங்கள் கழித்து ஒரு கோட்டையாகி நிற்கும். சி418 என்ற பெயரில் இசையமைக்கும் டேனியல் ரோசன்ஃபெல்டின் பியானோ, எப்போது வரும் என்று தெரியாமல் திடீரென்று வரும். வந்தது தெரியாமல் போகும்.

மனிதர் மாறும் ஆக்கத்தைத் தந்தது 2012 மார்ச்சில் வந்த ‘ஜர்னி’. ஷாங்காயில் பிறந்த ஜெனோவா சென் தலைமையில் செய்யப்பட்டது. பாலைவனம், தொலைவில் ஒளி தெரியும் ஒரு மலை. நடுவழியில் இன்னோர் உருவம் வரும். உலகின் வேறு மூலையில் ஆடிக்கொண்டிருக்கும் உண்மையான மனிதர் அவர். பெயர் தெரியாது. பேச முடியாது. ஒரு மணியோசை எழுப்பலாம், அவ்வளவுதான். இணைய ஆட்டங்களில் முகம் தெரியாதவர்கள் வசைபாடிக்கொள்வது வழக்கமாகிவிட்ட காலத்தில், இந்தக் கேமில் பனிமலை ஏறும்போது இருவரும் நெருங்கி நின்று ஒருவர் சக்தியை மற்றவர் மீட்டுக்கொள்வார்கள். முடிவில்தான் உடன் வந்தவர்களின் பெயர்கள் திரையில் வரும். இரண்டு மணி நேர ஆட்டம். ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்ள வழியே இல்லாதபடி விதிகளை அமைத்தால், அந்நியர் தோழராகிறார்.

ஆழ்தலும் சிக்குதலும்

வியப்பு ஒரு கணம். ஆழ்தல் நீடிப்பது. ஜேனட் மர்ரி 1997இல் எழுதிய நூலில், ஆழ்தலை நீரில் அமிழ்வதோடு ஒப்பிட்டார்: வேறொரு பொருள் நம்மை முழுவதும் சூழ்ந்துகொள்ள, அதில் நீந்தக் கற்கிறோம். 2018இல் முழுமையாக வெளிவந்த ‘சப்நாட்டிகா’ இந்த ஒப்பீட்டை நேராகவே செய்து காட்டியது. வேற்றுக் கோளின் கடலில் தனியாக விடப்படுகிறோம். சுட்டுக் கொல்லும் துப்பாக்கி கிடையாது. மூச்சுக்காற்றின் அளவு குறைந்துகொண்டே வரும். ஆழம் கூடக்கூட நிறம் மாறும், ஒளி குறையும், எங்கிருந்தோ ஒரு பெரிய உயிரின் குரல் கேட்கும். அதைக் காணுமுன்பே அதன் ஒலி நம்மைக் கரைப் பக்கம் திருப்பிவிடும். கடல் தொழிலுக்குப் போகும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. நீருக்கடியில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணைவிடக் காதும் கையும் முதலில் அறியும் என்பதை அந்தக் கேம் சரியாகப் பிடித்திருக்கிறது.

இங்கேதான் பெற்றோரின் கவலைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை மூன்று மணி நேரம் திரையை விட்டு எழவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. போனில் இலவசமாகக் கிடைக்கும் பல கேம்கள் வேறு வகையில் கட்டப்பட்டவை. தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு, நண்பன் முந்திவிட்டான் என்ற அறிவிப்பு, காசு கொடுத்தால் திறக்கும் பெட்டி. அவற்றுக்கு முடிவே கிடையாது, முடிந்தால் வியாபாரம் நின்றுவிடும். ஜர்னி இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. வெண்பா ஓர் இரவில் முடிகிறது. அவுட்டர் வைல்ட்ஸின் கடைசிப் புதிரை அவிழ்த்தவர் அதை இரண்டாம் முறை முதல்முறைபோல ஆட முடியாது. மனதை ஆழ்த்தும் கேம் வேலை முடிந்ததும் நம்மை விட்டுவிடும். சிக்கவைக்கும் கேம் விடாது. பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு நேரம் ஆடினாய் என்பதைவிட, இன்று அங்கே என்ன கண்டாய் என்பதே. சொல்ல ஏதாவது இருந்தால் அது ஆழ்தல்.

சோழர் வந்தார்கள், சோழ நாடு வந்ததா?

நம் நிலம் கேம்களில் வராமல் இல்லை. 2022 ஏப்ரலில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’க்கு வந்த இணைப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் ஒரு தொடராகவே உள்ளன, உருமி வீசும் வீரர்கள் இருக்கிறார்கள், திரிசடை என்ற கப்பல் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’இல் சோழர் ஒரு நாகரிகமாகவும், தஞ்சைப் பெரிய கோயில் ஓர் உலக அதிசயமாகவும் இடம்பெற்றிருக்கின்றன. பார்க்கும்போது மனம் மகிழ்கிறது. அந்தக் கேம்களின் திட்டமிடும் சுகம் வேறு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் முன்னால் நின்று விமானத்தை அண்ணாந்து பார்த்த எவருக்கும் தெரியும், கட்டி முடித்ததும் சில புள்ளிகள் கூடும் ஒரு சின்னத்தில் அது இல்லை என்பது. அங்கே பெருமை பெயராக இருக்கிறது. உடம்புக்கு வேலை இல்லை.

2017இல் வந்த ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி’ மேற்குத் தொடர்ச்சி மலையையும் ஹொய்சாளச் சிற்பங்களையும் மிக அழகாகக் காட்டியது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ இந்தியத் தொன்மத்தையும் கட்டடக் கலையையும் கொண்டு செய்யப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள். காவிரி டெல்டாவை உள்ளிருந்து அறிந்தவர் செய்த கேம் இன்னும் வர வேண்டும்.

கோடிக்கரையில் காத்திருக்கும் கேம்

அதற்குரிய பொருள் வேதாரண்யம் வட்டாரத்தில் நிறையவே கிடக்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னின் இரண்டாம் பாகம் கோடிக்கரையில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடிச் சேற்றுப் பள்ளத்தில் சிக்குகிறான். அவளே அவனை இழுத்து விடுகிறாள். எங்கே கால் வைக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இரவில் சதுப்பில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளை அவள் பயமில்லாமல் பார்க்கிறாள். நிலத்தை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் மிஸ்டையும் அவுட்டர் வைல்ட்ஸையும் நடத்திச் செல்லும் விசை. கணினியைக் கனவிலும் காணாத காலத்தில் தமிழ் வாசகர்களை வாரம்தோறும் ஒரு சதுப்பு நிலத்துக்குள் அழைத்துப்போன எழுத்து அது.

அந்த நிலம் இன்றும் இருக்கிறது. 2002இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த கோடிக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்கள் மேய்கின்றன, காட்டுக் குதிரைகள் திரிகின்றன, பருவத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. பக்கத்தில் அகத்தியம்பள்ளி உப்பளம். பாத்தியில் உவர்நீரை விட்டு, வெயில் அதைக் குறுக்கி, அடியில் உப்பு பூக்கும்வரை காத்து, நீண்ட கோலில் பொருத்திய பலகையால் வாரிக் கரையில் குவித்து, மழைக்கு முன் கீற்று வேய்ந்து மூடும் வேலையில், எந்த நீர் எத்தனை நாளில் கனக்கும் என்பது தொழிலாளியின் கண்ணுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். நீர் உப்பாவது ஆக்கம். அதை அறிய வேண்டிய நுட்பம் சிறுமை. இரண்டு மருட்கைகள் ஒரே பாத்தியில் இருக்கின்றன.

மூடிய கதவும் இருக்கிறது. மறைக்காடாகிய வேதாரண்யத்தின் கோயிலில் வேதங்கள் பூசித்து அடைத்துப்போன கதவைத் திறக்க அப்பர் பதிகம் பாடினார், அடைக்கச் சம்பந்தர் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் நெடுநேரம் பாடிய பிறகே திறந்தது. சம்பந்தர் முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. அதனால் அப்பருக்கு வந்த வருத்தத்தையும் புராணம் மறைக்கவில்லை. கதவு என்றால் உழைப்பு, காத்திருப்பு, அதன் பிறகான மனநிலை என்று ஒரு முழு நாடகம் என்பதை இந்த ஊர் நெடுங்காலமாக அறிந்து வைத்திருக்கிறது.

நடைப்பயணமும் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு உணவோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். 2019இல் ஹிடியோ கோஜிமாவின் ‘டெத் ஸ்ட்ராண்டிங்’, சுமை தூக்கி நடப்பதையும், முகம் காணாத மற்றவர்கள் விட்டுச்சென்ற உதவியைக் கண்டெடுப்பதையும் வைத்தே ஒரு பெரிய கேமைக் கட்டியது. நம் டெல்டாச் சாலைகளில் அது உண்மையாகவே நடந்தது. யார் கட்டியது என்று தெரியாத பொட்டலத்தை ஒரு புளியங்கிளையில் நாமே பார்த்துக் கண்டுபிடிக்கும்படி ஒரு கேம் இருந்தால், பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்த அந்த நடையைப் பிள்ளைகள் காலால் அறிவார்கள்.

இந்த ஆய்வு வந்து சேரும் இடம் இதுதான். குரோதருக்குக் குகை தெரியும், மியாமோட்டோவுக்குக் குன்று தெரியும், வெண்பாவைச் செய்தவர்களுக்கு இட்லிச் சட்டி தெரியும். தனக்கு முழுதும் தெரிந்த ஒன்றை எடுத்து, அதில் பாதியைச் சொல்லாமல் விட்டு, ஆடுபவர் தன் கண்ணால் கண்டுகொள்ளப் பொறுமையாக இடம் தந்தவர்களே வியப்பை உண்டாக்கினார்கள். படத் தெளிவும் பரப்பும் பணத்தால் வருபவை. அவற்றில் பெரிய நிறுவனங்களோடு நாம் போட்டியிட முடியாது. நிலத்தை அறிவது பணத்தால் வருவதில்லை. அகத்தியம்பள்ளியிலிருந்து கோடிக்கரை முனை வரையுள்ள சில கிலோமீட்டர் ஒரு கேமுக்குத் தாராளம். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர்க் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று: அடுத்த விடுமுறையில் ஒரு பப்ஜி நகலைச் செய்து பார்ப்பதற்குப் பதில், உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரோடு ஒரு பருவம் முழுக்கப் பேசுங்கள், பாத்திகளை வரைபடமாகப் போடுங்கள், நீர் கனக்கும் நாட்களை எண்ணுங்கள். அந்த வரைபடமும் அந்தக் கணக்கும் கையில் இருந்தால் கேமின் பாதி வேலை முடிந்தது.